கொழும்பில மிளகாய்ச் செடி: வீட்டுக்குள்ளயா, பல்கனியிலயா, மொட்டை மாடியிலயா, வளவிலயா?

பச்சை மிளகாய் கிலோ ஆயிரம் ரூவாயத் தாண்டினா அந்தக் கிழமையே கொழும்பில பாதி வீடுகள்ல ஈரப் பேப்பருக்குள்ள மிளகாய் விதை ஊறத் தொடங்கிடும், அது வழக்கம். 2022 இல பெற்றோல் வரிசை, காஸ் வரிசை எண்டு கிடந்த நேரம் அரசாங்கமே அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு குடுத்து வீட்டுத்தோட்டம் செய்யுங்கோ எண்டு சொன்னது, அப்ப நாலாம் மாடியில இருக்கிற ஆக்கள் கூட பழைய பெயின்ட் வாளி தேடித் திரிஞ்சவை. விதை முளைக்கிறது ஒரு பிரச்சினையே இல்லை, கொழும்புச் சூட்டுக்கு ஒரு கிழமை, பத்து நாளில வெளிக்கிட்டிடும். அதுக்குப் பிறகுதான் தலையிடி. இத எங்க வைக்கிறது?

புத்திமதி ரெண்டு பக்கத்தால வரும். ஒண்டு யூடியூப். வெள்ளைக்காரன் மாசி மாசம் ரூமுக்குள்ள லைட் போட்டு, கீழ சூடு குடுக்கிற மேட் போட்டு, மிளகாய்க் கண்டு வளத்து, பனிக் காலம் முடிஞ்சாப் பிறகு வெளிய எடுத்து வைக்கிறான், அதப் பாத்திட்டு எங்கட ஆக்களும் உடனே லைட் ஓடர் பண்ணினம். மற்றது ஊர். யாழ்ப்பாணத்தில இருக்கிற மாமிக்கு போன் எடுத்துக் கேட்டா, "மிளகாய்க்கு ஏன்ரா தம்பி இவ்வளவு யோசிக்கிறாய், நல்ல வெயில்ல ஊண்டி விடு, அது தன்ர பாட்டில காய்க்கும்" எண்டுவா. அவ சொல்லுறதும் பிழையில்லை, அவவின்ர வளவுக்கு.

விசயம் என்னெண்டா வெள்ளைக்காரனுக்குப் பயம் குளிர், மாமிக்குப் பயம் தண்ணி வத்துறது, கொழும்பில இருக்கிற எங்களுக்கு ரெண்டும் பெரிய பிரச்சினை இல்லை. இங்க வருசம் முழுக்க பகல் 30, 32 பாகை, இரவு 22 இல இருந்து 26 மட்டும், மிளகாய்க்கு இதுக்கு மேல சூடு குடுக்கத் தேவையே இல்லை. ஆனா மழை வருசத்துக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீற்றர், யாழ்ப்பாணத்தில விழுறதப் போல ரெண்டு மடங்குக்குக் கிட்ட, அதுவும் அங்க மாதிரி ஐப்பசி, கார்த்திகையோட முடியாம சித்திரை வைகாசியிலயும் ஒருக்கா ஊத்தி, ஐப்பசியிலயும் திரும்ப ஊத்தி, இடையில தென்மேல் பருவக்காத்தோட நினைச்ச நேரமெல்லாம் பெய்யும். அதோட காத்தில எந்த நேரமும் ஈரம். மிளகாய்க்கு வேர் நனைஞ்சு நிக்கக் கூடாது, பூ நனைஞ்சு நிக்கக் கூடாது, காய் நனைஞ்சு நிக்கவே கூடாது. அதால உள்ளயா வெளியயா எண்டு கேக்கிறத விட, வைக்கப்போற இடத்தில நிண்டு மேல பாத்தா வானம் தெரியுதா, மழை பெய்தா அந்த இடம் நனையுதா எண்டு இந்த ரெண்டையும் பாருங்கோ. வானம் தெரியோணும், மழை நேரா விழக்கூடாது. இந்த ரெண்டும் ஒண்டா கிடைக்கிற இடம் கொழும்பில லேசில அம்பிடாது, அதாலதான் ஒவ்வொரு இடத்திலயும் எத விட்டுக் குடுக்கிறது எண்டு கணக்குப் பாக்க வேண்டியிருக்கு.

முதல் வீட்டுக்குள்ள. உண்மையச் சொல்லுறதெண்டா கொழும்பு வீட்டுக்குள்ள மிளகாய் காய்க்க வைக்கிறது ஏலாத வேலையில்லை, ஆனா தேவையில்லாத செலவு. காரணம் வெளிச்சம். எங்களுக்கு வீட்டுக்குள்ள நல்ல வெளிச்சமா இருக்கிற மாதிரித்தான் தெரியும், கண் அப்பிடி ஏமாத்தும். மத்தியானம் வெளிய வெறும் வெயில்ல ஒரு லட்சம் லக்ஸ் (வெளிச்சத்த அளக்கிற அலகு) கிட்ட இருக்கும், யன்னலில இருந்து ரெண்டு மீற்றர் உள்ளுக்கு வந்தா அது சில நூறு லக்ஸுக்கு இறங்கிடும். போனில லக்ஸ் பாக்கிற அப் இருக்கு, இறக்கிப் பாத்தா உங்களுக்கே விளங்கும். அப் இல்லாட்டியும் பரவாயில்லை, செடி வைக்கப்போற இடத்தில கையை விரிச்சுப் பிடியுங்கோ, விரல் விரலா நிழல் கூரா விழுந்தா மிளகாய்க்குக் காணும், நிழல் கலங்கலா ஒரு ஊத்தை மாதிரி விழுந்தா இலை வரும் காய் வராது, நிழலே விழாட்டி அங்க மணி பிளாண்ட் வையுங்கோ. அந்தக் கூர் நிழல் ஒரு நாளைக்கு ஆறு மணித்தியாலமாவது இருக்கோணும்.

யன்னல் ஓரத்தில வைச்சா என்ன எண்டு கேப்பீங்கள். "தெற்குப் பாத்த யன்னலில வை" எண்டு இங்கிலீஷ் பக்கங்கள்ல எல்லாம் கிடக்கும், அது அங்கத்தைய சூரியனுக்குச் சொன்னது. கொழும்பு பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருக்கிறதால ஏப்ரல் முதல் கிழமை தாண்டேக்க சூரியன் எங்கட தலைக்கு நேர உச்சியில நிக்கும், செப்டெம்பர் முதல் கிழமை திரும்பவும் உச்சிக்கு வரும், இடைப்பட்ட மாசங்கள்ல மத்தியான வெயில் வடக்குப் பக்கத்தால வரும், மிச்ச மாசங்கள்ல தெற்குப் பக்கத்தால. அதிலயும் ஜூன் மாசம் வடக்கால சரியிறது பதினாறு, பதினேழு பாகைதான், ஒரு அடி நீட்டின சன் ஷேட் இருந்தாலே வெயில் யன்னலுக்குள்ள எட்டிப் பாக்காது. டிசம்பர், ஜனவரியில தெற்கு யன்னலுக்கு கொஞ்சம் பரவாயில்லை, முப்பது பாகை சரியும். மற்றபடி கொழும்பில வெயில் உள்ளுக்க வாற யன்னல் கிழக்கும் மேற்கும்தான், அதுவும் விடிய ரெண்டு மூண்டு மணித்தியாலம், இல்லாட்டி பின்னேரம் ரெண்டு மூண்டு மணித்தியாலம். புது அபார்ட்மென்ட்டுகள்ல கறுப்புக் கண்ணாடி வேற, அது சூட்டக் குறைக்கிறன் எண்டு வெளிச்சத்தையும் குறைச்சிடும்.

அப்ப லைட் போடுறதெண்டா? செய்யலாம். 30 வோட் எல்ஈடி குரோ லைட் ஒண்டு ரெண்டு செடிக்குக் காணும், ஒரு நாளைக்கு 14 மணித்தியாலம் எரிச்சா மாசம் 12, 13 யுனிட் வரும். கேக்கச் சின்னக் கணக்குத்தான், ஆனா எங்கட கரண்ட் பில் 60, 90, 120, 180 எண்டு படி படியா ஏறுற பில், நீங்கள் 85 யுனிட்டில நிக்கிற வீடெண்டா இந்த 12 யுனிட் உங்கள அடுத்த படிக்குத் தள்ளி விட்டிடும், பிறகு மிளகாய் கிலோ என்ன விலைக்கு வந்தது எண்டு கணக்குப் பாக்காதீங்கோ, மனசு விட்டுப் போகும். ஏற்கனவே ஏசி போட்டு 300, 400 யுனிட் எரிக்கிற வீடெண்டா அந்தக் கவலை உங்களுக்கு இல்லை.

உள்ளுக்க இன்னும் ரெண்டு விசயம். காத்தில்லை, தேனீ இல்லை. மிளகாய்ப் பூ தன்னில தானே சேர்ற பூதான், ஆனா மகரந்தம் உதிர ஒரு ஆட்டம் வேணும், அதால விடிய பத்து, பதினொரு மணிக்குள்ள பூத்த கொப்பை விரலால மெல்லச் சுண்டி விடோணும், இல்லாட்டி ஃபேன் காத்து படுற இடத்தில வையுங்கோ. மற்றது பூச்சி. கதவு யன்னல் எல்லாம் பூட்டின வீட்டுக்குள்ள பூச்சி வராது எண்டு நினைக்கிறவை கன பேர், உண்மையில சிற்றுண்ணி ஒருக்கா உள்ளுக்க வந்திட்டா அதத் தின்ன ஒரு எறும்போ சிலந்தியோ பொறிவண்டோ அங்க இல்லை, கழுவிப் போக மழையும் இல்லை, ஏசி ரூம் காஞ்ச காத்தெண்டா சிவப்புச் சிலந்தி உண்ணிக்குக் கொண்டாட்டம். இதில ஒரு பகிடி என்னெண்டா ஏசி ரூமின்ர இரவுச் சூடு, 22, 23 பாகை, மிளகாய்க் காய் பிடிக்கிறதுக்கு வெளிய இருக்கிறத விட நல்லம். வெளிய சித்திரை மாசம் இரவிலயும் 26 பாகை நிக்கேக்க கன பூ காம்போட கொட்டுப்படும். ஆனா வெளிச்சம் இல்லாத இடத்தில நல்ல சூடு இருந்து என்ன பிரயோசனம்.

உள்ளுக்க வைக்கிறதுக்கு ஒரு நல்ல காலம் இருக்கு, அது முதல் ரெண்டு மூண்டு கிழமை. விதை போட்ட தட்டில ஒரு பெரிய மழை விழுந்தா எல்லாம் கழுவுப்பட்டுப் போகும், நத்தை ஒரு இரவில எல்லாக் கண்டையும் மேஞ்சிடும். அதால முளைக்கும் வரைக்கும் குசினி யன்னலோரம் சரி, முளைச்ச அண்டைக்கே வெளிச்சமான இடத்துக்கு மாத்திப் போடோணும், நாலு நாள் பிந்தினாலும் கண்டு வெளிச்சத்தத் தேடி நூல் மாதிரி நெடுத்துச் சரிஞ்சிடும், அதப் பிறகு நிமித்தேலாது.

இனி பல்கனி. என்ர கணக்கில கொழும்பு ஆக்களுக்கு மிளகாய் வைக்க முதல் பாக்க வேண்டிய இடம் இதுதான், ஏனெண்டா மேல ஒரு சிலாப் இருக்கு, முன்னால வானம் இருக்கு. ஆனா எல்லாப் பல்கனியும் பல்கனி இல்லை. கிழக்குப் பாத்த பல்கனி கிடைச்சவை குடுத்து வைச்சவை, விடிய ஆறரையில இருந்து பத்தரை, பதினொண்டு மட்டும் நல்ல வெயில், கொளுத்துற நேரம் நிழல், இலை வாடாது. நாலு, நாலரை மணித்தியால வெயில்தான் எண்டாலும் முன்னால உயரக் கட்டிடம் இல்லாட்டி மிச்ச நேரம் வானத்தின்ர வெளிச்சம் அத ஈடு கட்டும், கொச்சி எண்டுற சின்ன உறைப்பு மிளகாய்க்கு அது தாராளம். வடக்குப் பல்கனி ஏப்ரலில இருந்து ஓகஸ்ட் மட்டும் பரவாயில்லை, அதுக்குப் பிறகு காய் குறையும். தெற்குப் பல்கனி அதுக்கு நேர்மாறு. முன்னுக்கு பத்தடி தள்ளி அடுத்த பிளாட் நிக்குதெண்டா எந்தத் திசையா இருந்தும் பிரயோசனமில்லை.

மேற்குப் பல்கனிக்கு தனிக்கதை இருக்கு. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளையில மரைன் டிரைவ் பக்கம் கடல் பாத்த வீடுகள், பாக்க வடிவுதான், வாடகையும் அந்த வடிவுக்குத்தான் வாங்கினம், ஆனா வைகாசியில இருந்து புரட்டாதி மட்டும் தென்மேல் காத்து கடல் உப்பைக் கொண்டு வந்து இலையில அப்பும். யன்னல் கிறில் கறள் பிடிக்கிற வீட்டில மிளகாய் இலையும் நுனி கருகும், இது பசளை குறைவு எண்டு நினைச்சு இன்னும் பசளை போட்டா இன்னும் கருகும், ஏனெண்டா பசளையும் உப்புத்தானே. அந்த மாசங்கள்ல செடியை பல்கனிச் சுவருக்குக் கீழ உள்பக்கமா இறக்கி வைச்சு, கிழமைக்கு ரெண்டு தரம் இலைய நல்ல தண்ணியால கழுவி விடுங்கோ, சாடிக்கும் தண்ணி கீழால ஓடும் வரைக்கும் விடுங்கோ. சாரல் பக்கவாட்டில அடிக்கிற பிளாட்டெண்டா சிலாப் இருந்தும் மழை உள்ளுக்கு வரும், அதையும் ஒரு மழையில நிண்டு பாத்திட்டு முடிவெடுங்கோ.

பல்கனியில அடுத்த தலையிடி கீழ்வீட்டு ஆக்கள். நீங்கள் விடிய தண்ணி ஊத்த, செம்மண் கலர்த் தண்ணி கீழ அவையின்ர கொடியில காயிற வெள்ளை யூனிஃபோமில சொட்டும், பிறகு லிஃப்டில கண்டா "தம்பி உங்கட செடியெல்லாம் நல்லா வளருது போல" எண்டு ஒரு மாதிரிச் சிரிச்சுக் கொண்டு சொல்லுவினம். அதுக்காக சாடிக்குக் கீழ தட்டு வைப்பீங்கள். தட்டில தண்ணி நிண்டா நுளம்பு. கொழும்பில இது விளையாட்டில்லை, நுளம்பு பெருகுறதத் தடுக்க 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம் எண்டு ஒண்டே இருக்கு, பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பாத்து குடம்பி இருந்தா வழக்குப் போடலாம். அந்தத் தட்டை வெளிச்சத்தில சரிச்சுப் பாத்தா நெளிஞ்சு நெளிஞ்சு தலைகீழாத் தொங்கிக் கொண்டு நிக்கும், கண்ணுக்கு வடிவாத் தெரியும். முட்டையில இருந்து பறக்கிறதுக்கு ஏழு, பத்து நாள் காணும், அதோட முட்டை தட்டின்ர விளிம்பில ஒட்டிக் கொண்டு தண்ணி இல்லாமலும் மாசக் கணக்கா கிடக்கும், அதால தண்ணிய ஊத்தி விட்டாக் காணாது, கிழமைக்கு ஒருக்கா தும்பு போட்டு உரஞ்சிக் கழுவோணும். இல்லாட்டி தட்டு நிறைய மணலப் போட்டு அதுக்கு மேல சாடியை வையுங்கோ, தண்ணி மணலுக்குள்ள நிக்கும், நுளம்புக்கு இடமில்லை. எனக்கு மணல்தான் லேசு.

சாடி எண்டா சின்னதில வைக்காதீங்கோ. சாதாரண பச்சை மிளகாய்க்கு பத்து லீற்றர் வாளி, கொச்சிக்கு பதினைஞ்சு இருபது லீற்றர், அடியில ஆறேழு ஓட்டை. கலவைக்கு தும்புத்தூள், கொம்போஸ்ட், மண் மூண்டும் ஒவ்வொரு பங்கு, உமிக்கரி அம்பிட்டா ஒரு கைப்பிடி. தும்புத்தூளை முதல் ரெண்டு மூண்டு தண்ணியில அலசிப் பிழியுங்கோ, அதில உப்பும் கறையும் இருக்கும். பல்கனிக்கு மண்ணக் குறைச்சு தும்புத்தூளைக் கூட்டினா பாரமும் குறையும். பசளைக்கு அல்பர்ட் கரைசல் எண்டு கடையில விக்கிற, தண்ணியில கரைக்கிற பசளைய பக்கெட்டில எழுதினதில பாதி அளவில கரைச்சு கிழமைக்கு ஒருக்கா ஊத்தினாக் காணும். யூரியா மாதிரி நைதரசன் கூடினதப் போட்டா செடி பச்சைப் பசேலெண்டு நிக்கும், ஆக்கள் பாத்து ஆ எண்டுவினம், காய் மட்டும் வராது.

மொட்டை மாடி இருக்கிற ஆக்களுக்கு வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை, பல்கனிச் செடியில பத்துக் காய் வாற நேரம் அங்க முப்பது வரும். ஆனா அங்க எல்லாமே கூடுதல்தான். பங்குனி, சித்திரை மத்தியானம் சிலாப்பில வெறுங்காலோட நிக்கேலாது, அந்தச் சூட்டில கறுப்பு குரோ பேக்குக்குள்ள வேர் அவிஞ்சிடும், அதால சாடியை ரெண்டு கல்லுக்கு மேல தூக்கி வைக்கோணும், மேல 50 வீத ஷேட் நெட் ஒண்டு அந்த ரெண்டு மாசமாவது கட்டோணும். மழைக்கு மேல யூவி பொலித்தீன், நாலு பக்கமும் திறந்து. அதக் காத்து தூக்காம இருக்க ஜிஐ பைப் அடிச்சு இறுக்கிக் கட்ட வேணும். இதெல்லாம் செய்யுற வசதியும், கட்டிடக்காரரின்ர பெமிசனும், ஒரு நாளைக்கு ரெண்டு தரம் மேல ஏறுற காலும் இருந்தா மொட்டை மாடிய அடிக்க ஒண்டுமில்லை. பாரத்தையும் யோசியுங்கோ, இருபது லீற்றர் சாடி இருபது வைச்சா ஈரத்தோட அரை டொன்னுக்குக் கிட்ட, அத சிலாப்பின்ர நடுவில வரிசையா அடுக்காம கீழ சுவர் போற கோட்டில வையுங்கோ.

பழுத்த காய்க்கு அங்க பங்காளியளும் வருவினம். குருவிக்கும் கிளிக்கும் மிளகாய் உறைப்புத் தெரியாது, அந்த உறைப்புச் சாமான் பாலூட்டிகளுக்குத்தான் சுடும், அதால சிவக்க விட்டீங்களெண்டா விடிய வந்து பாக்கேக்க காம்பு மட்டும் நிக்கும். பச்சையிலயே புடுங்குங்கோ, புடுங்கப் புடுங்கத்தான் பூக்கும்.

வளவு இருக்கிறவையப் பாத்தா எல்லாருக்கும் பொறாமைதான், ஆனா மிளகாய் விசயத்தில கொழும்பு வளவுதான் ஆகக் கஸ்டமான இடம். வீடு கட்டின மிச்சக் கல்லும் சீமெந்தும் அரை அடிக்குக் கீழ கிடக்கும், அதுக்குக் கீழ இறுகின செம்மண், மழைத் தண்ணி இறங்காது. மாமரமும் பக்கத்து மூண்டு மாடியும் வெயிலப் பங்கு போட்டிருக்கும். மழை விட்ட இரவு டோர்ச் அடிச்சுப் பாத்தா ஆபிரிக்க நத்தை உள்ளங்கை அளவில மதிலில ஏறிக் கொண்டு போகும், ஒரு வாளி எடுத்துப் பொறுக்கிறதத் தவிர வேற நல்ல வழி எனக்குத் தெரிஞ்சு இல்லை, உப்புப் போடுற ஆக்கள் மண்ணையும் சேத்துக் கெடுக்கினம்.

வளவில ஆகப் பயப்பிட வேண்டியது வாடல். நேத்து மட்டும் நல்லா நிண்ட செடி, இண்டைக்கு மத்தியானம் இலை பச்சையா இருக்கவே துவண்டு தொங்கும், தண்ணி காணாது எண்டு ஊத்துவீங்கள், மூண்டு நாளில முடிஞ்சிடும். சந்தேகமெண்டா செடியப் புடுங்கி, அடித்தண்டை சாய்வா வெட்டி, ஒரு கண்ணாடிக் கிளாசில தெளிஞ்ச தண்ணிக்குள்ள தொடுற மாதிரிப் பிடியுங்கோ. அஞ்சு நிமிசத்தில வெட்டின வாயில இருந்து வெள்ளையா, பால் நூல் மாதிரி இறங்கினா அது பக்டீரியா வாடல். அந்த மண்ணில அது வருசக் கணக்கா இருக்கும், அங்க தக்காளி, கத்தரி, மிளகாய் மூண்டையும் மறந்திடுங்கோ, மூண்டும் ஒரே குடும்பம். வளவு இருந்தும் சாடியில வைக்கச் சொல்லி நான் சொல்லுறது இதாலதான். நிலத்திலதான் வைக்கப் போறன் எண்டு நிக்கிறவை முக்கால் அடி, ஒரு அடிக்கு மேட்டுப் பாத்தி கட்டி வையுங்கோ.

இப்ப இதில ஒரு சிக்கல் இருக்கு, மழை படாத இடத்தை நான் இவ்வளவு புகழ்ந்தாலும் மழை செய்யுற ஒரு நல்ல வேலை அங்க நடக்காது. இலைச் சுருள் எண்டு எல்லாரும் ஒரே பேரில சொல்லுறது மூண்டு நாலு காரணத்தால வரும். இலை மேல் பக்கமா வள்ளம் மாதிரி மடிஞ்சா திரிப்ஸ் எண்டுற சின்னப் பூச்சி, கீழ் பக்கமா குடை மாதிரிக் கவிண்டு, காம்பு நீண்டு, குருத்து இலை ஒடுங்கினா சிற்றுண்ணி, அது கண்ணுக்குத் தெரியாது, போன் கமராவ ஸூம் பண்ணினாலும் கஸ்டம். வெள்ளை ஈ கொண்டு வாற வைரஸ் எண்டா இலை மஞ்சளாகி, குறுகி, செடி வளராமலே நிண்டிடும், அதுக்கு மருந்தில்லை, புடுங்கி எறியோணும். திரிப்ஸும் உண்ணியும் மழை அடிச்சா கொஞ்சம் கழுவுப்படும், சிலாப்புக்குக் கீழ கழுவுப்படாது, அதால பல்கனிக்காரர் மழையின்ர வேலையையும் தாங்களே பாக்கோணும். கிழமைக்கு ரெண்டு தரம் விடிய ஸ்பிரே போத்தலால இலைக்குக் கீழ் பக்கம் தண்ணி நல்லா அடிக்கிறது, பத்து நாளைக்கு ஒருக்கா பின்னேரம் லீற்றருக்கு அஞ்சு மில்லி வேப்பெண்ணெயும் ரெண்டு மூண்டு துளி சோப் லிக்குவிட்டும் குலுக்கி அடிக்கிறது. மேல மட்டும் அடிச்சா வேலைக்கில்லை, அவை எல்லாம் கீழதான் இருக்கினம்.

மாறி, வெளிய மழையில நிக்கிற செடிக்கு உண்ணி குறைவு, ஆனா காய் அழுகல் வரும். காயில தண்ணி ஊறின மாதிரி ஒரு வட்டம், பிறகு அது குழிஞ்சு கறுப்பு வளையம் வளையமா. அத வேப்பெண்ணெய் அடிச்சு நிப்பாட்டேலாது, அடிச்ச மருந்தையும் அடுத்த மழை கொண்டு போயிடும். பூச்சியோட மல்லுக்கட்டுறதா அழுகலோட மல்லுக்கட்டுறதா எண்டா நான் பூச்சிப் பக்கம்தான், பூச்சிய கையால கழுவலாம், மழைய நிப்பாட்ட ஏலாது.

என்ன இனம் எண்டுறதும் இடத்தோட சேந்த முடிவு. மகாஇலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்தில இருந்து வந்த எம்ஐ வரிசை, கேஏ-2 இதெல்லாம் வெயில்ல வயல் கணக்கா செய்யுற இனங்கள், மொட்டை மாடிக்கும் வெயில் உள்ள வளவுக்கும் எடுங்கோ, பல்கனியில அது நெடுத்துக் கொண்டு போகும். அரைவெயில் பல்கனிக்கு கொச்சி, இல்லாட்டி நைமிரிஸ் எண்டுற கடும் உறைப்பு மிளகாய். ரெண்டும் ஈரக் காத்தையும் கொஞ்ச நிழலையும் தாங்கும், கொச்சி நல்லா நிண்டா ரெண்டு மூண்டு வருசமும் நிக்கும், சம்பலுக்கு ரெண்டு காய் காணும். கறிமிளகாய் ஆசைக்கு ஒண்டு வைக்கலாம், ஆனா அதின்ர காய் சதைப் பிடிப்பானது, மழைக்கு முதல் அழுகிறதும் அதுதான். செத்தல் மிளகாய்ப் பக்கெட்டில கிடக்கிற விதையப் போடுறவையும் இருக்கினம், முளைக்கும், ஆனா கடையில வாற செத்தல் பெரும்பாலும் இந்தியாவில இருந்து வாறது, காஞ்ச நிலத்துக்கான இனம், கலப்பின விதையெண்டா தாய் மாதிரிப் பிள்ளை வராது. கண்டாவே வாங்குறதெண்டா பத்தரமுல்லை தியத உயனப் பக்கம் செடிக் கடைகள் வரிசையா இருக்கு, அங்க வாங்கேக்க பூத்து நிக்கிற பெரிய கண்டுக்கு ஆசைப்படாம, ஆறேழு இலையோட குள்ளமா நிக்கிறத எடுத்து, இலையக் கவிட்டு கீழ் பக்கம் பாத்து, பொருத்தில வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தா திருப்பி வைச்சிட்டு வாங்கோ.

எதிர்பார்ப்பும் அளவா இருக்கட்டும். ஒரு நல்ல செடி தன்ர காலம் முழுக்க அரைக் கிலோவில இருந்து ஒரு கிலோ மட்டும் பச்சை மிளகாய் தரும், நாலு பேர் வீட்டுக்கு அஞ்சாறு செடி இருந்தா சம்பலுக்கும் பொரிக்கிறதுக்கும் கடைக்கு ஓடத் தேவையில்லை. கறித்தூளுக்கு செத்தல் காய வைக்கலாம் எண்டு மட்டும் வெளிக்கிடாதீங்கோ, கொழும்பு ஈரக் காத்தில காயிறதுக்குள்ள பூஞ்சணம் பிடிக்கும், அந்தத் தூளை ஊரில இருந்தே எடுப்பியுங்கோ, மாமிக்கும் சந்தோசம்.

ஆக, கிழக்கு வெயில் விழுற பல்கனி இருந்தா வேற யோசினை வேண்டாம், ரெண்டு கொச்சியும் ரெண்டு நைமிரிஸும் அங்க வையுங்கோ, எந்த மாசமும் தொடங்கலாம். மொட்டை மாடி இருந்து, பொலித்தீன் கூரை அடிக்கிற எண்ணமும் இருந்தா அது இன்னும் மேல, கூரை அடிக்க ஏலாட்டி பல்கனிக்கே திரும்பி வாங்கோ. வளவு மட்டும்தான் எண்டா தாவாரத்துக்குக் கீழ வெயில் படுற பக்கமா சாடியில. அங்கயும் இல்லாம வெறும் நிலத்தில வைக்கிறவை மாதக் கணக்கு பாருங்கோ, மார்கழி நடுவில விதை போட்டா தை முடிவில நடலாம், பங்குனி கடைசியில இருந்து வைகாசி மழைக்குள்ள ஒரு நல்ல புடுங்கல் கிடைக்கும். அதத் தவற விட்டா ஜூன் மாசம் போட்டு ஐப்பசி மழைக்கு முதல் எடுக்கலாம். யன்னலே இல்லாத அனெக்ஸில இருக்கிறவைக்கு லைட் செலவு வேண்டாம் எண்டுதான் சொல்லுவன், பச்சை மிளகாய் மலிஞ்ச நேரம் அரைக் கிலோ வாங்கி, காம்பை முறிச்சு, துடைச்சு, பேப்பர் சுத்தி டப்பாவில போட்டு பிரிட்ஜில வையுங்கோ, ரெண்டு கிழமைக்கு ஒண்டும் ஆகாது.